நடு அடுக்கு மணிவேல்

"என்னைக் கேக்காம இந்தக் குருவில ஒரு புள்ளி கூட ஸ்கிரீனுக்குப் போகாது."

இதைச் சொன்னவர் மணிவேல். சொன்ன இடம் திருவண்ணாமலையில் ஒரு பொறியியல் கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். சொன்ன காலம், அவருக்குத் தலையில் முடி ஜாஸ்தியாகவும் வயிறு கம்மியாகவும் இருந்த காலம். குருவி என்றதும் பறவை என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு கர்னல். அதாவது இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் கொட்டை. பெரிய கணினிகளுக்கானது அல்ல. எடை மெஷின், பஸ் டிக்கெட் மெஷின், பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற பெட்டி என்று சின்னச் சின்ன சாதனங்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் சிலர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டே அதை எழுதி வருகிறார்கள். அதில் திரை சம்பந்தப்பட்ட பகுதிக்கு மணிவேல்தான் பொறுப்பாளர்.

அவர் அப்படி முழங்கியபோது அவருக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய லேப்டாப்பும் கல்லூரியின் புரொஜக்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள மறுத்துவிட்டன. ஆகவே அன்றைய தினம் அவருடைய கூற்றில் பிழை இருந்ததாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஒரு புள்ளி கூடப் போகவில்லை என்பது கூடியிருந்த மாணவர்கள் அனைவரும் கண்ணால் கண்ட உண்மை.

மணிவேல் பிறந்தது கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில். படித்தார், பெங்களூருக்கு வேலைக்குப் போனார், கொரோனா காலத்தில் லேப்டாப்போடு ஊர் திரும்பினார். கம்பெனி மறுபடியும் கூப்பிட்டபோது இங்கே நெட் நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு, திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு மாடி வீட்டில் நிலைத்துவிட்டார். மாடி அறைகள் வாடகைக்கு. அங்கே தங்குகிறவர்கள் மனத்தை அடக்குவதற்காகக் கடல் தாண்டி வந்தவர்கள். கீழ்த்தளத்தில் மணிவேல் திரைகளை அடக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு அதிக வெற்றி என்று சொல்வது கடினம்.

அவருடைய கலையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஒரு மெஷினுக்குள் கேட்கிறவர்கள் ஒரு பக்கம், செய்கிறவர்கள் ஒரு பக்கம். 'இந்த எண்ணைத் திரையில் காட்டு' என்று கேட்பது செயலி. காட்டுவது திரை. இந்த இரண்டுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது; நடுவில் கர்னல். கர்னலுக்குள் ஒவ்வொரு வகைத் திரைக்கும் அதன் பாஷை தெரிந்த ஒரு நிரல் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். திரைகள் எத்தனை வகையோ டிரைவர்கள் அத்தனை பேர். இத்தனை பேர் ஒரே வேலையைச் செய்தால் அவர்களுக்குப் பொதுவான ஒழுங்கு ஒன்று வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அந்த ஒழுங்கை எப்படி அமைப்பது என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. உலகம் என்றால் ஏறக்குறைய ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வரும் கூட்டம்தான். சண்டை மட்டும் கல்யாண அளவுக்கு இருக்கும்.

மணிவேல் முதல் கட்சி. அதன் கொள்கை, நடுவில் ஓர் அதிகாரி. நடு அடுக்கு என்று அதற்குப் பெயர். செயலி வந்து அதிகாரியிடம் சொல்லும். அதிகாரி தன் வரிசைப்படி டிரைவரைக் கூப்பிடுவார். மின்சாரம் விடு, ஆச்சா? அளவைச் சொல்லு, ஆச்சா? விளக்கைப் போடு, ஆச்சா? படத்தை அனுப்பு, ஆச்சா? இனிமேல் நொடிக்கு அறுபது தடவை திரையைப் புதுப்பி, ஆச்சா, ஆச்சா, ஆச்சா? டிரைவர் தானாக எதையும் செய்யக் கூடாது. கூப்பிட்டால் வர வேண்டும். 'ஆச்சு' என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும்.

இதை அவர் ஆணவத்தில் கட்டவில்லை என்பதை வரலாறு பதிவு செய்தாக வேண்டும். பயத்தில் கட்டினார். பெங்களூரில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிரைவர் எழுதிய ஒருவர் வரிசை மாற்றி மின்சாரம் விட்டதில் ஒரு திரை இவர் கண் முன்னால் கருகியது. அந்த வாடை இவர் மூக்கைவிட்டுப் போகவேயில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் இப்படித்தான் ஆகும் என்று முடிவு செய்து, யாரும் வரிசை தவற முடியாத நடு அடுக்கை எழுதினார். அன்றைக்கு அது நல்ல காரியம். எத்தனையோ திரைகள் கருகாமல் தப்பின. பாராட்டினார்கள். பாராட்டியதுதான் தப்பாகப் போயிற்று.

வீட்டிலும் அதே கொள்கை அமலில் இருந்தது. ஒரு தடவை மேல்தொட்டி நிரம்பி வழிந்து, மாடியில் தியானத்தில் இருந்த ஒருவரின் பாஸ்போர்ட் நனைந்துவிட்டது. அன்றிலிருந்து சட்டம் போட்டார். மோட்டார் சுவிட்சை யார் தொடுவதானாலும் மணிவேலைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். மனைவி ஆதிலட்சுமி அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சட்டத்தைக் கேட்டு "சரிங்க" என்றார். மாடிக்காரர்களும் தங்களுக்குத் தெரிந்த தமிழில் "சரிங்க" என்றார்கள். குடிமக்களின் பணிவு கண்டு மன்னர் மகிழ்ந்தார்.

ஆண்டுகள் போயின. புதுப் புதுத் திரைகள் வந்தன. ஒன்றுக்கு விளக்கே கிடையாது. ஒன்றுக்கு அளவை முதலில் சொன்னால்தான் மின்சாரம் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் மணிவேல் ஒரு விதிவிலக்கு எழுதினார். இந்தத் திரைக்கு மூன்றாம் படி தேவையில்லை. அந்தத் திரைக்கு இரண்டாம் படிக்கு அப்புறம் முதல் படி. இன்னொன்றுக்கு எல்லாப் படியும் உண்டு, ஆனால் மெதுவாக. நடு அடுக்கில் ஒரு வரியை மாற்றினால் எங்கோ கம்போடியாவில் ஒரு தராசு நின்றது. ஆகவே யாரும் அதைத் தொடுவதில்லை. தொடாததை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இந்தச் சாம்ராஜ்யத்துக்குள் எழிலரசி வந்து சேர்ந்தாள்.

எழிலரசியும் கீழ்பென்னாத்தூர்தான். மணிவேல் பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. மின்னணுவியல் படித்துவிட்டு, கூடப் படித்த இனியனோடு சேர்ந்து ஒரு பட்டறை போட்டிருந்தாள். அவர்கள் செய்தது பஸ் விவரம் காட்டும் பலகை. அதில் இருப்பது காகிதத் திரை என்று சொல்லப்படுகிற வகை. டிவி மாதிரி வெளிச்சம் அடிக்காது. அச்சடித்த எழுத்து மாதிரி இருக்கும். எழுத்தை மாற்றும்போது மட்டும்தான் மின்சாரம் கேட்கும். மாற்றிய பிறகு பேட்டரியைக் கழற்றினாலும் எழுத்து அப்படியே நிற்கும். வெயிலில் பளிச்சென்று தெரியும். கரண்ட் கனெக்‌ஷன் வேண்டாம்.

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் பஸ்கள் ஊருக்குள் வராது. ஊருக்கு வெளியே ஒவ்வொரு சாலையிலும் தற்காலிக பஸ் நிலையம் போடுவார்கள். எந்த ஊர் பஸ் எந்தச் சாலையில் நிற்கிறது என்பது மலையைச் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குத் தெரியாது; பலமுறை பஸ்காரர்களுக்கே தெரியாது. இதைக் காட்டத்தான் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில், சோதனைக்கு ஒரு பலகை வைக்க எழிலரசிக்கு அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். உள்ளே இருப்பது குருவியின் அதிகாரபூர்வப் பதிப்பாக இருக்க வேண்டும். பட்டறையில் கை வைத்துத் திருத்திய பதிப்பு கூடாது.

முதல் பௌர்ணமியில் பலகை சாயங்காலத்துக்குள் பாதி எழுதிய எழுத்தோடு செத்துப்போனது. வேலூர் போக வேண்டியவர்கள் எதிர்ப்பக்கத்து மணலூர்ப்பேட்டை சாலைக்கு நடந்தார்கள். அனுமதி கொடுத்தவர்கள் கோபப்படவில்லை. அடுத்த பௌர்ணமிக்கும் இப்படியானால் கம்பத்தைப் பிடுங்கிவிடுவோம் என்று அமைதியாகச் சொன்னார்கள். கம்பம் போனால் பட்டறை போகும். பட்டறை போனால் எழிலரசி சென்னையில் யாரோ ஒருவர் கம்பெனியில் போய் உட்கார வேண்டும்.

பலகை செத்ததற்குக் காரணம் மணிவேலின் நடு அடுக்கு. நொடிக்கு அறுபது தடவை அது காகிதத் திரையைத் தட்டி எழுப்பி, புதுப்பி, புதுப்பி என்றது. மாற்ற ஒன்றுமில்லாத எழுத்தைத் திரை மாற்றி மாற்றி எழுதிப் பேட்டரியைத் தீர்த்தது.

எழிலரசி பலகையையே ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு செங்கம் சாலைக்கு வந்துவிட்டாள். மின்னஞ்சலில் அவரை 'மதிப்பிற்குரிய பொறுப்பாளருக்கு' என்பாள், போனில் 'சார்' என்பாள், கோபம் வந்தால் 'அண்ணா' என்பாள்.

"அண்ணா, இது டிவி கிடையாது. போட்டது போட்டபடி நிக்கிற எழுத்து. இதைப் போய் நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல எழுப்பினா இன்னா ஆவும்?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்மா."

"காகிதத்துக்கும் டிவிக்கும் ஒரே சட்டமா?"

"வேணும்னா ஒரு விதிவிலக்கு போட்டுத் தரேன். விளக்கு போடற படிய நீ தாண்டிக்கலாம்."

"இதுல விளக்கே இல்லண்ணா. எனக்கு வேணாங்கறது அந்தப் புதுப்பிக்கிறது."

"அது முடியாது. அதுதான் நடு அடுக்கோட நாடித்துடிப்பு. அதை வெச்சுத்தான் மத்த எல்லாமே ஓடுது. அதை நிறுத்தினா நானே நின்னுடுவேன்."

எழிலரசி பலகையைச் சோபாவில் சாய்த்து வைத்தாள். ஆதிலட்சுமி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இது பள்ளிக்கூடத்தில் நடக்கிற சண்டையைவிட நன்றாக இருக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"எங்கப்பா ஊர்ல சப்ளையர்ஸ் கடை வெச்சிருக்காரு, தெரியுமில்ல?" என்றாள் எழிலரசி. "அண்டா கேட்டா அண்டா குடுப்பாரு. சேர் கேட்டா சேர். அண்டா எடுத்தா சேரும் எடுக்கணும், மைக் செட்டும் எடுக்கணும், மொதல்ல மைக்கைப் போட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வெக்கணும்னு சொல்ல மாட்டாரு. விசேசம் அவங்க வீட்டு விசேசம். நீங்க அண்டா குடுக்கற எடத்துல இருந்துகிட்டு தாலியும் நானே கட்டுவேன்னா எப்படி?"

இரண்டாம் கட்சியின் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நிகழ்ச்சி டிரைவருடையது. எந்த வரிசை, எந்த நேரம் என்பதை அதுவே முடிவு செய்யட்டும். பொதுவான வேலைகளுக்குக் கருவிகள் செய்து பெட்டியில் வைத்துவிட வேண்டும். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். பெட்டி யாரையும் கூப்பிடாது.

"அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டா ஸ்கிரீன் எரியும்மா. நான் பாத்திருக்கேன்."

"எரிச்சவங்க பதில் சொல்லட்டும். எரிக்காதவங்களையும் சேத்து ஏன் கையக் கட்டறீங்க?"

வரலாற்றுப் புருஷர்கள் இத்தகைய தருணங்களில் காப்பி ஆறிவிட்டதைக் கவனிப்பார்கள், மணிவேலும் கவனித்தார். எழிலரசி பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சில நாளில் அவளிடமிருந்து புது டிரைவர் வந்தது. மதிப்பிற்குரிய பொறுப்பாளருக்கு என்று தொடங்கி, நடு அடுக்கின் எல்லா விதிகளுக்கும் உட்பட்டு எழுதப்பட்டிருப்பதாக மிகுந்த பணிவோடு சொன்னது. மணிவேல் திறந்து படித்தார். எல்லாப் படிகளும் இருந்தன. வரிசை சரியாக இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி நடு அடுக்கு கூப்பிடும் இடத்துக்கு வந்தார். அங்கே வேலை எதுவும் இல்லை. 'ஆச்சு' என்ற ஒரே பதில் மட்டும் இருந்தது. நொடிக்கு அறுபது தடவை கேட்டால் அறுபது தடவையும் ஆச்சு. எழுத்து மாறும்போது மட்டும், நடு அடுக்குக்குத் தெரியாமல், டிரைவர் பின்பக்கமாகப் போய்த் திரையை மாற்றிவிட்டு வந்தது.

போன் போட்டார்.

"இன்னாம்மா இது? நான் புதுப்பின்னு சொல்றேன். ஒண்ணும் பண்ணாம ஆச்சுங்குது."

"எல்லாரும் அப்படித்தான சார் எழுதறாங்க."

"எல்லாருமா?"

"சார், உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்றாள் எழிலரசி. அந்தக் குரலில் கேலி இருந்திருந்தால் மணிவேலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

பொய்யர்களைப் பிடித்துத் தண்டிப்பது என்று முடிவு செய்தார். அதற்காக ஒரு சின்னச் சோதனை நிரல் எழுதினார். நடு அடுக்கு ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிடும்போது அது உண்மையில் ஏதாவது செய்கிறதா, இல்லை வெறுமனே ஆச்சு என்கிறதா என்று பார்க்கிற நிரல். அதை ஓடவிட்டுவிட்டு, கண்டிப்பான ஒரு மின்னஞ்சலின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தபோது முதல் வரி மறந்துபோயிற்று.

ஏறக்குறைய எல்லாமே பொய். அளவைச் சொல்லு என்றால் ஆச்சு; அளவு எப்போதோ வேறு இடத்தில் சொல்லப்பட்டிருந்தது. விளக்கைப் போடு என்றால் ஆச்சு, விளக்கே இல்லை. தராசுத் திரை, டிக்கெட் மெஷின் திரை, கம்போடியா, கென்யா, எல்லா டிரைவர்களும் அதிகாரிக்குச் சலாம் வைத்து ஆச்சு சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்த் தங்கள் வேலையைத் தாங்கள் அறிந்த வரிசையில் ஒழுங்காக முடித்துக்கொண்டிருந்தன. ஒரு திரையும் கருகவில்லை. அவரவருக்கு அவரவர் திரை எரிந்துவிடக் கூடாது என்ற கவலை இருந்தது போலும்.

பொய்யர்களில் ஒன்று அவருக்கு மிகவும் பழக்கமான டிரைவர். பெங்களூரில் இருந்தபோது அவரே எழுதியது. உள்ளே ஒரு 'ஆச்சு'. பக்கத்தில் அவர் கையாலேயே ஒரு குறிப்பு: 'இப்போதைக்கு.' நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லை எழுதுவார்கள். எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த இப்போதைக்கு முடிவதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

தன் சட்டத்தை முதலில் ஏமாற்றியது தானே என்பதை ஒரு மனிதர் நிதானமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். பார்த்தார். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்துக்கு வந்தார். ஆதிலட்சுமி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மோட்டார் யாரு போட்டது?"

"நான்தாங்க."

"என்னைக் கேக்கலையே?"

"கேக்கறேனே."

"எப்ப?"

"போட்ட அப்புறம். நீங்க ம்னு சொல்லுவீங்க. தலைய மட்டும் திருப்ப மாட்டீங்க."

"மாடியில இருக்கறவங்க?"

"அவங்களும்தான். அந்தப் பெரியம்மா போட்டுட்டு வந்து உங்ககிட்ட கும்பிடு போட்டுட்டுப் போவாங்களே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"கும்பிடறாங்கன்னு நெனச்சேன்."

"தொட்டி வழிஞ்சா அவங்க துணிதானங்க நனையும். அவங்களே பாத்துக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஆதிலட்சுமி ஒரு விடைக்குச் சிவப்புக் கோடு போட்டார். கோடு விடைத்தாளுக்குத்தான், மணிவேலுக்கு என்னவோ தன்மீது விழுந்தது போல இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் மணிவேல் நடக்கப் போனார். அவர் தெருமுனையில் திரும்பினால் கிரிவலப் பாதை. கிழக்குக் கோபுரத்தில் தொடங்கி அங்கேயே முடிப்பதுதான் முறை என்று அவர் பலருக்கு எடுத்துச் சொன்னதுண்டு. தெருமுனையில் நின்று மறித்தே சொன்னதுண்டு. அன்றைக்கு ஒரு வேன் வந்து தெருமுனையில் நின்றது. ஒரு குடும்பம் இறங்கி, செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு அங்கிருந்தே தொடங்கியது. முட்டி வலி உள்ள ஓர் அம்மாள் பாதையில் வரும் அடுத்த லிங்கம் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டார். ஒருவர் எல்லா லிங்கத்திலும் நின்றார், ஒருவர் எதிலும் நிற்கவில்லை. லிங்கங்கள் இருந்த இடத்தில் இருந்தன. வேண்டியவர்கள் நின்றார்கள். எதுவும் யாரையும் கூப்பிட்டு ஆச்சா என்று கேட்கவில்லை. அப்படியும் எல்லோரும் மலையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

புனிதமான ஒன்றைத் தராசுத் திரையோடு ஒப்பிட்டதற்காக மணிவேல் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கருகிய திரையின் வாடை அவருக்கு அப்போதும் வந்தது. அந்தப் பயம் பொய்யில்லை என்று அவருக்குத் தெரியும். ஒருவரும் வரிசை தவறக் கூடாது என்று நினைத்ததில் என்ன தப்பு? ஆனால் தன் வரிசையால் வெகு நாளாக ஒருவரும் காப்பாற்றப்படவில்லை என்பதும் இப்போது தெரியும். டிரைவர் எழுதியவர்கள் வரிசையைக் காப்பாற்றுவது போல நடித்து, அவரைத்தான் காப்பாற்றியிருந்தார்கள். பொய்யர்களைத் தண்டித்தால் இன்னும் நல்ல பொய்யர்கள் கிடைப்பார்கள். அவ்வளவுதான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து நடு அடுக்கைப் பிரிக்க ஆரம்பித்தார்.

பிரிப்பது கட்டுவதைவிடக் கஷ்டம். மின்சார வரிசையைத் தனியாக எடுத்து ஒரு கருவி ஆக்கினார். 'வரிசை தெரியாதவர்கள் இதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் முகர்ந்திருக்கிறேன்' என்று விளக்கக் குறிப்பு எழுதினார். புதுப்பிப்பது தனிக் கருவி. திரையில் எந்தக் கட்டம் மாறியது என்று கண்டுபிடிப்பது தனிக் கருவி. விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக அழித்தார். விதி போன பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. எல்லாம் முடிந்து பார்த்தபோது நடுவில் அதிகாரி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். பலத்த எதிர்ப்பு வரும், மணிவேலின் காலத்தை அழிக்காதீர்கள் என்று யாராவது எழுதுவார்கள் என எதிர்பார்த்து, அதற்கு உருக்கமான ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். வந்ததெல்லாம் 'சரி' என்று நிமிர்ந்த கட்டைவிரல்கள். கென்யாக்காரர் மட்டும் ஒரு வரி எழுதினார்: 'நன்றி, இனிமேல் பொய் சொல்ல வேண்டியதில்லை.' மணிவேல் தயாராக வைத்திருந்த பதிலை அழித்தார்.

அந்த மாற்றங்களோடு எழிலரசியின் டிரைவர் மூன்றாம் முறையாக வந்தது. பௌர்ணமி நெருங்கிவிட்டது. அதிகாரபூர்வப் பதிப்பு வெளியாவதற்குள் அவர் சம்மதம் சொன்னால்தான் பலகை பிழைக்கும். இந்தத் தடவை பொய் இல்லை. சின்னதாக, சுத்தமாக இருந்தது. எழுத்து மாறினால் திரையை மாற்றும், மாறாவிட்டால் தூங்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மணிவேலின் கருவி ஒன்றைக் கூப்பிட்டிருந்தாள், எந்தக் கட்டம் மாறியது என்று பார்க்கிற கருவியை. அவர் போனை எடுத்தார்.

"ஏம்மா, உன் பலகை எழுதினா மொத்தமாத்தான எழுதும்?"

"ஆமா சார்."

"அப்ப எந்தக் கட்டம் மாறிச்சுன்னு உனக்கு எதுக்கு?"

"தேவையில்லதான் சார். உங்களுது ஒண்ணாவது இருக்கட்டும்னு மரியாதைக்கு வெச்சேன்."

மணிவேல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். முழு டிரைவரிலும் அவரைக் கேட்கிற ஒரே வரி அது. அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

"மரியாதைக்கெல்லாம் பேட்டரி செலவு பண்ணாத. எடுத்துடு."

"நிஜமாவா சார்?"

"எடுத்துட்டு அனுப்பு. உடனே சேத்துடறேன்."

எடுத்துவிட்டு அனுப்பினாள். சேர்த்தார்.

பௌர்ணமி அன்று சாயங்காலம், வெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, மணிவேல் அடி அண்ணாமலைக்குப் போனார். பாதை நிறைய ஜனம். சுக்குக் காப்பிக் கடைகளின் ஆவிக்கு நடுவில், ஒரு கம்பத்தில் பலகை இருந்தது. வேலூர் எந்தச் சாலை, விழுப்புரம் எந்தச் சாலை, பெங்களூர் எந்தச் சாலை என்று கறுப்பு எழுத்து அச்சடித்த மாதிரி நின்றது. கம்பத்தடியில் எழிலரசியும் இனியனும் தரையில் உட்கார்ந்து பொட்டலச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழிலரசி எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம், சாப்பிடு என்று கை காட்டினார். காலையிலிருந்து பேட்டரி அப்படியே இருக்கிறது என்று அவள் சாதம் மென்றுகொண்டே சொன்னாள்.

அவர் பலகையின் முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு எழுத்தையும், எழுத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் பார்த்தார். ஏதாவது தவறு இருந்தால் சொல்லலாம் என்று தேடினாரா, சும்மா பார்த்தாரா என்பதற்கு ஆதாரம் இல்லை. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், புருஷன் பின்னால் நொண்டிக்கொண்டு வர, அவருக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? எழுத்து தெரியல."

"ஓ, சரிங்கம்மா" என்று மணிவேல் ஓரமாகத் தள்ளி நின்றார். அவள் பலகையைப் படித்துவிட்டு, அவரிடம் ஒன்றும் கேட்காமல், நடந்தாள்.